பேய் வருவதற்கு முன் வீடு வர வேண்டும்

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஸ்டீபன் கிங்கில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் திகில் நாவல்களாகப் படித்துத் தள்ளிவிட்டேன். தமிழில் எதை எடுத்தாலும் வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், பாழடைந்த பங்களா. பயமே வரவில்லை. நம்ம பக்கத்தில் திகில் கதை படிக்கிறவர்கள் இப்போது என்னதான் படிக்கிறீர்கள்? தமிழில் எங்கே தொடங்குவது?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம், தம்பி. கடலூரில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூடுவோம். பேச்சு முழுக்க இதுதான். நர்ஸாக இருக்கும் அக்கா ஒருவர் ஷெர்லி ஜாக்சனின் 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' படித்துக்கொண்டிருக்கிறார். 1959-இல் வந்த நாவல். நைட் டியூட்டியில் படிக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்லியும் அங்கேதான் படிக்கிறார். கல்லூரி ஆசிரியர் ஒருவர் 'டிராகுலா'வை மறுபடியும் கையில் எடுத்திருக்கிறார். சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் நண்பர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'குரங்குக் கை' சிறுகதையைப் படித்துவிட்டு அதிலிருந்து வெளியே வர முடியாமல் இருக்கிறார். நான் காரைக்கால் அம்மையாரை வாசிக்கிறேன். பக்திப் பாடலுக்கு இந்த வரிசையில் என்ன வேலை என்று தோன்றும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்குப் பயம் வராததற்குத் தமிழைக் குறை சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் எடுத்த கதைகளில் பேய் முதல் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. வீடு வருவதே இல்லை. அடுப்பில் என்ன கொதிக்கிறது, கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுமா, வாடகை பாக்கி எவ்வளவு, மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்கிறார்களா என்பதெல்லாம் தெரிந்த வீடு என்றால், ராத்திரி மூடி வைத்த பாத்திரம் காலையில் திறந்து கிடந்தாலே நெஞ்சு திக்கென்கும். யார் குடியிருந்தார்கள் என்றே தெரியாத பங்களாவில் முண்டம் நடந்து வந்தாலும் நமக்கு என்ன வந்தது? கிங்கிடம் நீங்கள் பயந்ததும் இப்படித்தான். அவர் கதைகளில் பேயைவிட வீட்டுக்கடன், குடிப்பழக்கம், பிள்ளையின் ஜுரம் ஆகியவற்றுக்குத்தான் பக்கங்கள் அதிகம். தமிழில் அந்த வேலையைச் செய்தவர்கள் இருக்கிறார்கள், கிங்குக்கு வெகு காலம் முன்பே.

புதுமைப்பித்தனிடம் தொடங்குங்கள். அவர் பிறந்தது எங்கள் திருப்பாதிரிப்புலியூரில், 1906-இல். அப்பா தாசில்தார் உத்தியோகம் பார்த்தவர், ஊர் ஊராக மாற்றல். பிறகு சொந்த ஊரான திருநெல்வேலிக்குப் போய்விட்டார்கள். அதனால் நெல்லைக்காரராகவே எல்லோர் மனதிலும் நின்றுவிட்டார். பாடலீஸ்வரர் கோயில் தேரடியில் தினமும் நடந்து போகிறவர்களில் பலருக்கு, தமிழின் மிகப் பெரிய பேய்க்கதையை எழுதியவர் பிறந்த மண் இது என்று தெரியாது. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

அவருடைய 'காஞ்சனை' 1943-இல் வந்தது. கதை சொல்பவர் ஓர் எழுத்தாளர். தூக்கம் பிடிக்காத ஒரு ராத்திரி. பக்கத்தில் மனைவி அயர்ந்து தூங்குகிறாள். இருட்டில் எங்கிருந்தோ ஒரு நாற்றம் வருகிறது. சகிக்க முடியாத நாற்றம். கொஞ்ச நேரத்தில் அது மாறி மணக்கத் தொடங்குகிறது. பிறகு ஒரு பிச்சைக்காரி வாசலில் வந்து நிற்கிறாள். மனைவி இரக்கப்பட்டு அவளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். இதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன். ஆனால் புதுமைப்பித்தன் என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். வந்தவள்மேல் கணவனுக்குச் சந்தேகம், மனைவிக்கோ ஒட்டுதல். சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னால் மனைவி பயந்துவிடுவாள். சொல்லாவிட்டால் அவளைக் காப்பாற்ற முடியாது. ஒரே கூரையின் கீழ் ஒருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று. இந்த அவஸ்தை கல்யாணமான யாருக்கும் புரியும், அதற்குப் பேய் நம்பிக்கையே தேவையில்லை. படித்து முடித்ததும் அந்த நாற்றம் வரும் இடத்துக்கு மட்டும் திரும்பிப் போய் இன்னொரு தடவை படியுங்கள். கண்ணால் கண்டதைப் பிரமை என்று தள்ளிவிடலாம். மூக்கில் ஏறியதை அப்படித் தள்ள முடியாது.

இன்னொரு செய்தி உங்களுக்குப் பிடிக்கும். மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலைத் தமிழில் தந்தவரும் இவர்தான். 'பிரேத மனிதன்' என்று பெயர் வைத்தார். அந்த நாவல் பிறந்த கதையும் நண்பர்கள் கூடிப் படித்த கதைதான். 1815-இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் புகையும் வானத்தை மறைத்ததில் மறு வருஷம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர்கள் பைரனும் ஷெல்லியும், மேரியும், பைரனின் டாக்டர் பொலிடோரியும் எல்லோரும் மழைக்கு வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். பொழுது போகாமல், ஜெர்மன் பேய்க்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒன்றை வாய்விட்டுப் படித்தார்கள். பைரன்தான், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார். அந்தப் பேச்சிலிருந்து இரண்டு முளைத்தன: மேரியின் 'பிராங்கன்ஸ்டைன்' 1818-இல் வந்தது, பொலிடோரியின் 'தி வாம்பயர்' 1819-இல் வந்தது. அந்த ஏரிக்கரையில் மேரிக்கு வயது 18. ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் விடாமல் மழை கொட்டி, கரண்டும் போய், கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு அந்த நிலைமை நன்றாகவே விளங்கும்.

எங்கள் கல்லூரி ஆசிரியர் ஏன் 'டிராகுலா'வுக்குத் திரும்பிப் போகிறார் என்று சொல்கிறேன். 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதியது. எல்லோருக்கும் சினிமாவில் பார்த்த கறுப்பு அங்கிதான் ஞாபகம் வரும். புத்தகம் வேறு மாதிரி. முழுக்க முழுக்க டைரி, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி, கப்பல் தலைவனின் குறிப்பு என்று காகிதங்களாகவே போகிறது. ஜோனதன் ஹார்க்கர் என்ற வக்கீல் பையன், பிரபு ஒருவர் இங்கிலாந்தில் சொத்து வாங்கும் விஷயமாக டிரான்சில்வேனியாவுக்குப் போகிறான். போகிற வழியில் ஓட்டலில் காரமாக ஒரு கோழிக்கறி சாப்பிடுகிறான். தண்ணீர் தாகம் எடுக்கிறது. 'மீனாவுக்காக இதன் பக்குவம் கேட்டு வாங்க வேண்டும்' என்று டைரியில் குறித்துக்கொள்கிறான். மீனா அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண். அந்த ஒரு குறிப்பிலேயே நமக்கு அவன் வேண்டியவனாகிவிடுகிறான். ரயில் நேரம், சாப்பாடு, வேலை, ஊருக்குத் திரும்பினால் கல்யாணம். அதே ஆள், அதே டைரியில், கொஞ்ச நாள் கழித்து நிலவொளியில் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறான். பிரபு கோட்டைச் சுவரில் தலைகீழாக, பல்லி போல இறங்கிக்கொண்டிருக்கிறார். நம் வீட்டுச் சுவரில் தினமும் பல்லியைப் பார்க்கிற நமக்கு அந்த வரி வேறு மாதிரி உறைக்கும். கோழிக்கறி இல்லாவிட்டால் பல்லிக்கு இவ்வளவு பலம் இருக்காது என்பது ஆசிரியரின் கட்சி. எனக்கும் அதேதான்.

ஹில் ஹவுஸ் பற்றி ஒரே ஒரு இடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். இருட்டில் பயந்துபோன ஒருத்தி பக்கத்தில் இருப்பவளின் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். அவ்வளவுதான். மீதியை நீங்களே படியுங்கள்.

இப்போது காரைக்காலுக்கு வருகிறேன். உங்கள் புதுச்சேரி மாநிலத்து ஊர். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவுக்குப் போயிருப்பீர்கள், மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரியபுராணம் சொல்லும் கதையைத் திகில் வாசகனாக ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். அம்மையாரின் பழைய பெயர் புனிதவதி; வணிகர் வீட்டுப் பெண், கல்யாணமானவள். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றைப் பசியோடு வந்த அடியாருக்குப் போட்டுவிடுகிறாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த கணவன் மிச்சமிருந்த பழத்தைத் தின்றுவிட்டு, ருசியாக இருக்கிறது, இன்னொன்றையும் போடு என்கிறான். அவள் உள்ளே போகிறாள், இறைவனை நினைக்கிறாள், கையில் ஒரு பழம் வந்து விழுகிறது. அந்தப் பழத்தின் ருசி இந்த உலகத்து ருசியாக இல்லை. இது ஏது என்று கேட்கிறான். அவள் நடந்ததைச் சொல்ல, அப்படியானால் இன்னொன்று வரவழை பார்க்கலாம் என்கிறான். வருகிறது. அவன் கையில் வாங்கியதும் மறைந்துவிடுகிறது. அதற்கப்புறம் அவளோடு அந்த வீட்டில் வாழ அவனால் முடியவில்லை. கப்பலேறிப் போய், பாண்டி நாட்டில் வேறு பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். தேடி வந்தவளின் காலில், எல்லோர் முன்னாலும், மனைவி குழந்தையோடு விழுகிறான். இனி இந்த உடம்பு யாருக்காக என்று கேட்டு அவள் சதையை உதறிப் பேய் வடிவம் வாங்கிக்கொள்கிறாள். மத்தியானச் சாப்பாட்டில் தொடங்கிச் சுடுகாட்டில் முடிகிற கதை இது. தான் சோறு போட்டுக் குடும்பம் நடத்தியவளைப் பார்த்துக் கணவன் நடுங்குகிற அந்தக் கட்டத்தைத் தாண்டிய திகில் காட்சி எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை.

அம்மையார் எழுதிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களைத்தான் நான் இப்போது வாசிக்கிறேன். இரண்டு பதிகம், அளவில் சின்னவை. களம் சுடுகாடு. ஒரு பாட்டில் கள்ளிச் செடியின் கவட்டில் காலை நீட்டிக்கொண்டு ஒரு பேய் உட்கார்ந்திருக்கிறது. எரிகிற கொள்ளியை எடுத்து மசித்து மையாக்கித் தீட்டிக்கொள்கிறது. வெடுவெடென்று சிரிக்கிறது. உடனே எதற்கோ வெருண்டு அக்கம்பக்கம் பார்க்கிறது, துள்ளுகிறது. பிணம் எரியும் தீ சுட்டுவிட, முகத்தைச் சுளித்துக்கொண்டு புழுதியை அள்ளிப் போட்டு நெருப்பை அணைக்கிறது. பேய்க்கும் மை தீட்ட ஆசை இருக்கிறது, நெருப்புச் சுட்டால் கோபம் வருகிறது. ஒரு பெண் வீட்டில் செய்கிற வேலையைச் சுடுகாட்டில் வைத்துக் காட்டுகிறார். அதுவும் தன்னைப் பேய் என்றே சொல்லிக்கொள்கிற ஒருவர், பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி. சிவராத்திரிக்கு மறுநாள் அங்காளம்மன் கோயில் மயானக் கொள்ளையில் வேஷங்களுக்குப் பின்னால் சுடுகாடு வரைக்கும் போய்ப் பழகிய நம்ம ஊர் ஆட்களுக்கு இந்தப் பாட்டு உரை இல்லாமலே பாதி புரிந்துவிடும்.

இதே பார்வைதான் கலிங்கத்துப்பரணியில் பெரிய விருந்தாக விரிகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெயங்கொண்டார் பாடியது. குலோத்துங்க சோழனின் படை கலிங்கத்தை வென்ற கதை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். போர் முடிந்த பிறகு களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சுகிற பகுதியைப் படியுங்கள். முதலில் பேய்கள் பல் விளக்குகின்றன, யானைத் தந்தத்தால். யானையின் விலா எலும்பை எடுத்து நாக்கு வழிக்கின்றன. செத்த வீரர்களின் பல்லை அரிசியாக்குகின்றன. கூழ் வெந்ததும் பந்தி. குருட்டுப் பேய்க்கு எப்படி ஊற்றுவது, ஊமைப் பேய் எப்படிக் கேட்கும், கருவுற்ற பேய்க்கு என்ன கவனிப்பு என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறுகிறார்கள். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் வார்க்கும்போது அண்டா பக்கத்தில் நிற்கிற பெண்களின் குரல் அப்படியே கேட்கிறது. கேட்கக் கேட்க, அண்டாவில் கொதிப்பது என்ன என்பது மறந்து போகிறது. சட்டென்று ஞாபகம் வரும்போது வயிற்றைப் புரட்டும். அந்த மறதியை உண்டாக்கியதில்தான் ஜெயங்கொண்டாரின் சாமர்த்தியம் இருக்கிறது.

மணிமேகலையிலும் ஒரு பகுதி உண்டு, சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை. காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டை மூலை மூலையாகக் காட்டிவிட்டு, சார்ங்கலன் என்ற சிறுவன் தனியாக அதற்குள் போவதைச் சொல்கிறது. செத்தவளின் தலையைக் கையில் ஏந்தி ஆடுகிற பேயைப் பார்க்கிறான். அம்மாவிடம் ஓடுகிறான். பேய்க்கு என் உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லி உயிரை விடுகிறான். பேய் அவனைத் தொட்டதாகக் கூட இல்லை. அந்தத் தாய் கோதமை அதற்குப் பிறகு தெய்வத்திடம் மன்றாடுகிற பகுதி திகிலைத் தாண்டி வேறெங்கோ போய்விடுகிறது.

அங்கிருந்து 'குரங்குக் கை' வெகு தூரமில்லை. 1902-இல் வந்த இங்கிலீஷ் கதை. இந்தியாவிலிருந்து திரும்பிய ஒரு பட்டாளத்துக்காரர் காய்ந்துபோன குரங்குக் கை ஒன்றைக் கொண்டுவருகிறார். மூன்று வரம் கொடுக்கும், ஒரு பக்கீர் மந்திரித்தது. வயதான அப்பா, அம்மா, ஃபேக்டரிக்குப் போகிற ஒரே பிள்ளை. வெளியே மழை; அப்பாவும் பிள்ளையும் சதுரங்கம் ஆடுகிறார்கள், அம்மா கணப்பு பக்கத்தில் உட்கார்ந்து பின்னுகிறாள். வீட்டுக் கடனை அடைக்க 200 பவுண்டு கேட்கிறார் அப்பா. மறுநாள் ஃபேக்டரியிலிருந்து ஆள் வருகிறது. பிள்ளை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டான். நஷ்டஈடு 200 பவுண்டு.

சிப்காட் நண்பர் படிக்க முடியாமல் நின்றுபோன இடம் அதுதான். பேய் வரவே இல்லை, கம்பெனி ஆள் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் தயங்கி நிற்கிறதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன் என்றார். ஷிஃப்டுக்குப் போகிறவர் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத பயம் அது. செத்த பிள்ளை திரும்பி வர வேண்டும் என்று அம்மா ஆசைப்பட, கதையின் கடைசியில் ராத்திரியில் கதவு தட்டப்படுகிறது. எங்களோடு கடற்கரையில் உட்காருகிற குப்பத்து அண்ணன் ஒருவர் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று இதே கடல் அவர் உறவில் சிலரைக் கொண்டுபோனது. இந்த மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள். கதையைச் சொல்லக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எப்படி வந்தா என்ன, நான் தொறந்திருப்பேன்." அதற்கு மேல் அன்றைக்கு யாரும் திகில் பற்றிப் பேசவில்லை. நீங்கள் கிங்கின் 'பெட் செமட்டரி' படித்திருப்பீர்கள், 1983. அதில் வருகிற அப்பாவும் இதே வாசலில்தான் நிற்கிறார். செத்தவர்கள் திரும்ப வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்கள் ஆசைப்படுவதுதான் அந்த இரண்டு கதைக்கும் எண்ணெய் ஊற்றுகிறது.

வெள்ளைப் புடவைக் கதைகளை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். பி. டி. சாமியின் பேய்க்கதைகள் ஒரு காலத்தில் பெட்டிக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தவை. நிறைய பேருக்கு வாசிப்பையே பழக்கிவிட்டவை. இன்று படித்தால் வேகமாகப் போகும், மனதில் தங்காது. இந்திரா சௌந்தர்ராஜன் வேறு தரம். 2024-இல் காலமானார். 'விட்டு விடு கருப்பா' டிவியில் 'விடாது கருப்பு' ஆனபோது ஊரே பார்த்தது. அதில் பயமுறுத்துவது குதிரையில் வரும் கருப்பு மட்டும் கிடையாது. கருப்பு பார்த்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு கிராமமே நம்பி வாழ்வதுதான். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' படியுங்கள். பேயா, விஞ்ஞானமா என்று வக்கீல்கள் கணேஷும் வஸந்தும் மல்லுக்கட்டுவார்கள். சுஜாதா இரண்டு பக்கத்தையும் சரிசமமாக வளர்த்துக்கொண்டு போவார். அவருடைய 'ஆ..!' நாவலில் குரல் கேட்பது தலைக்குள்ளேயே, அதைவிட நெருக்கமான வீடு ஏது? ஜெயமோகனின் 'நிழல்வெளிக் கதைகள்' குமரி மாவட்டத்துப் பழைய வீடுகளும் யட்சிகளும். நிதானமாகப் படிக்க வேண்டியவை.

கி. ராஜநாராயணனை விட்டுவிடக் கூடாது. கரிசல்காட்டுக்காரர் என்றாலும் கடைசிக் காலம் முழுக்கப் புதுச்சேரியில் இருந்தவர், 2021-இல் அங்கேயே காலமானார். உங்கள் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது புதுவை வட்டாரத்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தார். வாய்மொழியாகச் சொல்லப்படும் பேய்க்கதைகளில் பயத்தோடு பேரமும் நடக்கும்: பேயிடம் வேலை வாங்குவது, பேயை ஏமாற்றுவது, பேய்க்குப் பங்கு வைப்பது. பாட்டி சொன்ன முனி, கொள்ளிவாய்ப் பிசாசு எல்லாம் அந்த வகை.

புத்தகம் கிடைப்பதில் சிரமமில்லை. புதுமைப்பித்தன் நாட்டுடைமை ஆனவர்; பல பதிப்பகங்கள் மலிவாகப் போட்டிருக்கின்றன, இணையத்தில் மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே இருக்கிறார். பரணியும் மணிமேகலையும் அங்கே உண்டு. பழைய மாத நாவல்களுக்கு உங்கள் காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய புத்தகக் கடைகளைக் கிளறிப் பாருங்கள். 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, உறுப்பினர் ஆகிவிடுங்கள். நெய்வேலி புத்தகக் கண்காட்சி நடக்கும்போது வந்தால் எல்லாப் பதிப்பகத்தையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

முதலில் 'காஞ்சனை'. அதற்கடுத்து 'கொலையுதிர் காலம்', பிறகு பரணியில் கூழ் அடும் பகுதி. பரணிக்கும் மணிமேகலைக்கும் மட்டும் மூலத்தோடு எளிய உரையும் இருக்கிற பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் விட்டுவிடுவீர்கள். மணிமேகலையில் நேராக ஆறாவது காதைக்குப் போய்விடலாம், அங்கேதான் சார்ங்கலன் இருக்கிறான்.